உதாரணத்தில் ஒரு லாரி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் யார்டில் ஒரு லாரி காணாமல் போய்விட்டது. விசேஷம் என்னவென்றால்... அந்த லாரி உள்ளே வரவே இல்லை!

கும்மிடிப்பூண்டி பழைய இரும்பு யார்டில், எடைமேடை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதுதான் என் வேலை. எடைக் கணக்குக்காக, பஷீர் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பாக்கேஜ் எழுதிக்கொண்டிருக்கிறான். பழவேற்காட்டுப் பையன். அவனுடைய முதல் பாக்கேஜ் இது.

"சாயந்திரம் ரிப்போர்ட் கரெக்டா வந்தா வாங்கிக்கிறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

காலையில் பஷீர் விளக்கப் புத்தகத்தை நீட்டினான். "அக்கா, இதுல போட்டுக்கிற உதாரணம்லாம் அப்டியே அடிச்சுப் பாருங்க."

"நீ பாக்கலியா தம்பி?"

"பாத்தேன்க்கா. சூப்பரா ஓடுது."

முதல் உதாரணம் – ஒரு லாரியை உள்ளே விட்டு எடை போடுவது. அடித்தேன், ஓடியது. விடையைப் படிப்பதற்குள் திரை மாறிவிட்டதால் திரும்பவும் அடித்தேன். 'இந்த வண்டி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது' என்றது.

"ரெண்டாவது தபா யாருக்கா அடிக்கப் போறாங்க?" சிரித்தான். எனக்குத்தான் கூச்ச சுபாவமாயிற்றே... அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டேன்.

சாயந்திரம் ரிப்போர்ட் வந்தது. உள்ளே நிற்கும் வண்டி: ஒன்று!

எல்லா வண்டியும் வெளியே போனால்தான் கேட்டைப் பூட்டலாம். வாட்ச்மேன் முனுசாமிக்கோ ஆரம்பாக்கம் ரயிலைப் பிடிக்க வேண்டும். இரும்புக் குவியல்களைச் சுற்றித் தேடிவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

"இன்னாக்கா பேஜாரு இது? அம்மாம் பெரிய லாரிய எங்க ஒளிச்சி வச்சிக்கினு கீற?"

பஷீருக்கு முகம் வெளுத்தது. "அக்கா... அது நம்ம உதாரண லாரி!"

உதாரணத்தில் லாரியை உள்ளே விட்டவன், வெளியே அனுப்பும் வரியை எழுதவே இல்லை. அவன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பானாம். அப்புறம் எப்படித் தெரியும்?

முதலாளி வருகிற நேரம். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ!

"மொதல்ல அந்த லாரிய வெளிய அனுப்பு. அந்த வரிய உதாரணத்துலயும் சேத்துடு. நான் திரும்ப அடிக்கிறேன்."

அடித்தேன். உடனே இன்னொரு முறையும் அடித்தேன். இரண்டு முறையும் ஓடியது. ரிப்போர்ட்டில் பூஜ்யம்.

"பூட்ச்சா?" என்றார் முனுசாமி. "டிரைவரு ஒரு டீ கூட குடிக்கலியே!"

முதலாளி ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

வழக்கமாக நான் தரையைப் பார்ப்பேன். அன்று நிமிர்ந்தே சொன்னேன்.

"ஒரு தப்பு இருந்திச்சி சார், சரி பண்ணிட்டாரு. வாங்கலாம்."

பஷீர் இப்போது பாக்கேஜில் எதை மாற்றினாலும், உதாரணங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை ஓட்டித்தான் பார்க்கிறான்.

ஒரு முறை ஓடினால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் – மறுமுறையும் ஓடினால்தான் வேலை!