ஒரே வரியில் போடச் சொன்னேன்

1997 மழைக்காலம். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில், சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் கருவிக்கு சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்து கியூபிக்கிளில் காண்ட்ராக்டில் வந்த ஈரோட்டுக்காரர். நாங்கள் குடியிருந்த மில்பிடாஸிலிருந்து தினமும் அவர் காரில்தான் போவேன். அவர் எழுதுவதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

ஒரு போர்டைச் சோதித்தால் பழுதுகளின் எண்ணிக்கையை முழு எண்ணாக அச்சிட வேண்டும். பல போர்டுகள் கொண்ட ஒரு தொகுதியைச் சோதித்தால் சராசரியைத் தசமத்தில். அச்சிடும் ஃபங்ஷனை அவர் இரண்டு முறை தனித்தனியே அழைத்திருந்தார். மொத்தம் நான்கு வரி.

"நிபந்தனைய, ஃபங்ஷனுக்குக் குடுக்கிற ஆர்க்யுமென்ட்லயே போட்டா ஒரே வரில முடிஞ்சிடுமே" என்றேன்.

"இருக்கட்டுமுங்க. படிக்கிறவனுக்குப் புரியுதில்லீங்க?"

"வரிக்கணக்குலயா உங்களுக்குக் காண்ட்ராக்ட்?"

சிரித்துக்கொண்டே மாற்றினார். தொகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். சரியாக வந்தது.

முழு எண்ணையும் தசமத்தையும் நிபந்தனையின் இரு கிளைகளாக வைத்தால், எந்தக் கிளை தேர்வானாலும் மதிப்பு தசமமாகவே போகும்; முழு எண்ணை எதிர்பார்க்கும் அச்சு ஃபங்ஷன் அதைத் தவறாகப் படிக்கும். தேர்வாகாத கிளை, தேர்வானதன் வகையை மாற்றிவிடும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். நான் படித்துமிருந்தேன்.

டெமோவில் வாடிக்கையாளர் முன்னால் ஒரே ஒரு போர்டை வைத்தார்கள். மூன்று பழுதுகள். திரையில் பத்து இலக்க எண் ஒன்று வந்து நின்றது.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர், யார் எழுதியது என்று கேட்டார். கோப்பில் ஈரோட்டுக்காரர் பெயர் இருந்தது. அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த வாரம் அதே மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய காண்ட்ராக்டை நிறுவனம் நீட்டிக்கவில்லை. வேலை போனால் விசாவும் போயிற்று. அவர் மனைவி ஊரிலிருந்து அடுத்த மாதம் வந்து சேர்வதாக இருந்தது.

கடைசி நாள் காரில், "டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லிட்டேனுங்க" என்றார்.

"மேனேஜர்கிட்ட நான் வேணா பேசிப் பார்க்கட்டுமா?"

சிக்னல் விழுந்ததும் வண்டியை எடுத்தார். "அன்னைக்குப் பேசியிருக்கோணுமுங்க."

என் அபார்ட்மென்ட் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

வானிலை, சாப்பிட்டது, படித்த பக்கம் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதிவைக்கிறவன் நான். மீட்டிங் நடந்த நாளுக்கு டயரியில் இருப்பது இவ்வளவுதான்: 'மழை. நேற்றைய டெமோ பற்றிப் பேச்சு.'

அந்தப் பக்கத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். அவருடைய நான்கு வரிகளின் பிரின்ட். அவற்றைச் சிவப்பு மையில் அடித்து, கீழே ஒரே வரியாக எழுதியிருப்பது என் கை. வழக்கம்போலக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டிருக்கிறேன். மீட்டிங்கின்போது அது என் மேஜை டிராயரில்தான் இருந்தது.