கோரை பிடுங்கிய பாவாடை

எங்கள் கல்லூரிக்கு நடுவே ஒரு பெரிய சதுரப் புல்வெளி உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கொடிமரம் நின்ற இடம். அதற்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ளாத மாணவன் கிடையாது. அதில் குந்திக் கோரை பிடுங்கிய பாவாடை என்கிற மனுஷரை எவன் கண்டான்?

மில்லில் வேலை போனபின், எழுபத்திரண்டில் தினக்கூலியாக வந்தவர். கருவடிக்குப்பத்திலிருந்து நடந்தே வருவார். கிழக்கே தொடங்கி மேற்கு ஓரம் போய்ச் சேர எட்டு நாளாகும். அதற்குள் கிழக்கே கோரை மறுபடி தலைதூக்கிவிடும். பன்னிரண்டு வருஷம் இதே பிழைப்பு. வேலை நிரந்தரமாக வேண்டும், அவருக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான். ஆபீஸ் கிளார்க்கான என்னைப் பார்த்தால் போதும், "ஆர்டர் வந்துச்சா சார்?" என்பார்.

எண்பத்துநாலில் வந்தது. வயதுக்குச் சான்று கேட்டார்கள். இல்லாதவர்களுக்கு டாக்டர் பார்த்து எழுதித் தந்தாலே போதும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பாவாடை கெட்டது என் வாயால். டாக்டர் கடுதாசியெல்லாம் ஒரு கடுதாசியா, மேரியில், அதான் முனிசிபல் ஆபீஸில், பிரெஞ்சுக்காரன் எழுதிவைத்த பிறப்புப் பதிவு இருக்கும், போய் வாங்கி வா என்று விரட்டினேன். புதுச்சேரிக்காரனுக்கு அந்தப் பதிவேட்டின் மேல் அப்படி ஒரு திமிர்.

கடைசி நாளன்று கொண்டுவந்தார். வருஷம் பிரெஞ்சில் எழுத்தாக இருந்தது. அவசரத்தில் படிக்காமலே மேலே அனுப்பித் தொலைத்தேன்.

அதிலிருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. மூன்று வயதில் செத்துப்போன அண்ணன் பிறந்த வருஷம். குலசாமிக்கு நேர்ந்த பேர் என்று, பதிமூன்று வருஷம் கழித்துப் பிறந்த இவருக்கும் அப்பா அதே பேரை வைத்தார். பேர்தான் ஏற்கெனவே மேரியில் இருக்கிறதே என்று மறுபடி பதியப் போகவில்லை. மூத்தவன் செத்ததையும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயது மனுஷருக்குத் தாளில் ஓய்வு வயதான ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. நிரந்தரம் கிடையாது, கூலிக்கும் இனி வரக் கூடாது என்று பதில் வந்தது. ஓடி ஓடிப் பார்த்தேன். மேரிச் சான்றே இருக்கும்போது டாக்டர் கடுதாசி எதற்கு என்று என்னையே கேட்டார்கள்.

புல்வெளிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கையில் கோரையோடு குந்தியிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானே சார் அத வாங்கியாரச் சொன்னீங்க?"

கோபத்தில் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். ஆமாம், நான்தான் என்றேன்.