செவந்தி என்மேல் வரவில்லை

முதலில் வலது கை மடங்க மறுத்தது. மம்பட்டிப் பிடியை விரல்கள் பற்றவில்லை. வீக்கமில்லை, காயமில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் ஒரு பக்கத்தின்மேல் மண் சரிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று மண்ணைத் தோண்ட முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். உள்ளே இருப்பவர்மேல் மம்பட்டி பட்டுவிடுமே என்று கையாலேயே அள்ளினோம். பக்கத்து அறைக் காமாட்சி அக்காவின் மகள் செவந்தியை நான்தான் வெளியே எடுத்தேன். உடம்பில் சூடு இருந்தது; மூச்சு இல்லை. இன்னும் கொஞ்சம் விரைவாக அள்ளியிருந்தால் என்ற எண்ணம் அப்போதே உள்ளே இறங்கிவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் விரல்களை ஊசியால் குத்திப் பார்த்தார். மன அதிர்ச்சி (பயங்கரத்தைக் கண்ட மனம் உடம்பை முடக்குவது) என்றார்.

"பைத்தியமாங்க ஐயா?"

"இல்லை. அடி கையிலை படேல்லை, மனசிலை பட்டிருக்கு."

லயத்தில் அதைச் சொல்ல வெட்கம். வாதம் என்று சொல்லிவைத்தேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோர் முன்னிலும் கங்காணி கேட்டார்: "சோத்துக்கு மட்டும் கை நல்லா மடங்குதாமே?" சிரித்தார்கள். சோற்றுக்கு மடங்கியது உண்மைதான். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். பிணத்தைத் தொட்டதால் ஏதோ பிடித்துக்கொண்டது என்று என் மனைவி பேயோட்டும் கோடாங்கியை அழைத்தாள். நான் தடுக்கவில்லை. பைத்தியம் என்றால் ஒதுக்குவார்கள்; பேய் என்றால் இரங்குவார்கள்.

"யாரு நீ? பேரச் சொல்லு!" உடுக்கை முழங்க, கோடாங்கியின் வேப்பங்குழை முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. அடி நிற்கட்டும் என்று, "செவந்தி" என்றேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காமாட்சி அக்கா வந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கம், வெளிய போறேன்னு அழுதியே. மழையின்னு நாந்தான உள்ள படுக்க வச்சேன். அம்மா மேல கோவமாடி?"

கோபமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. அந்தக் குழந்தையின் சொல்லை நான் எப்படிச் சொல்வது?

"அக்கா, இது நாந்தாங்க. அவ வரல. அடி தாங்காம சொல்லிட்டேன். அவள எடுத்ததுலேருந்து எனக்குத்தான் மனசு சரியில்ல."

உடுக்கை நின்றது. "பைத்தியந்தான்" என்றது ஒரு குரல். அக்கா கையை மெதுவாக இறக்கி வைத்தார்.

"ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருப்பாளே, தம்பி."

எழுந்து போய்விட்டார்.

மறுநாள் என்னோடு மண் அள்ளிய ராமன் வந்து உட்கார்ந்தான். "என் கையி தூக்கத்துல இன்னும் அள்ளுதுடா. பொண்டாட்டி எழுப்பி விடுறா." இருவரும் வெகுநேரம் பேசினோம். அதன்பின் பலநாள் பேசினோம். விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. தோட்டத்து வேலைப் பட்டியலிலிருந்து என் பேர் வெட்டுப்படவில்லை.

இப்படி மண்ணுக்குள்ளிருந்து ஆளை எடுத்துவிட்டு வந்து வாய் திறக்காமல் இருப்பவர்களுக்கே இதை எழுதுகிறேன். உங்களோடு அள்ளியவரிடமாவது சொல்லுங்கள். நான் உண்மை சொன்னதால் பிழைத்தேன். அந்த உண்மைக்கு அக்கா கொடுத்த விலை பெரிது. இன்றும் அவர் எதிரே வந்தால் தலை நிமிர முடிவதில்லை.

மழை வருமுன் கை குளிர்ந்துவிடுகிறது. என் வயதை யாராவது கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. செவந்திக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்பது மட்டும் உடனே தெரிகிறது.