பதினேழாம் எண் டோக்கன்

வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஏற்பாட்டைத்தான் சொந்தமாக யோசித்துச் செய்தேன். மற்றதெல்லாம் மேலிடத்து உத்தரவு. அந்த ஒன்று பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். தெற்கே இருந்து வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவன். மாணவர்களில் பாதிப் பேர் நகரியத்துப் பிள்ளைகள். சைக்கிளில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவார்கள். மீதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் மாறி வருவார்கள். இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கும் கல்லூரி இது என்று ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு. குள்ளஞ்சாவடியிலிருந்து கிளம்பி வடலூரில் பஸ் மாறி வருகிறவர்கள் ஒன்பதே காலுக்கு முன்னால் வந்ததில்லை. பெஞ்சு தயாராகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஃபோர்மேன். ஒருநாள் என்னை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார். கோயில் கோபுரம் உயரத்துக்கு நின்று மண்ணை வாரிய இயந்திரத்தை எல்லாரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். நான் பார்த்தது வாசலில் இருந்த டைம் ஆபீஸை. ஒரு பலகை, வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் குத்திய வில்லை. ஷிப்டுக்கு வருகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். சங்கு ஊதியதும் பலகையை மூடிவிடுகிறார்கள். எது தொங்குகிறதோ அந்த ஆள் வரவில்லை. பெயர் கூப்பிடுவதில்லை, பதில் சொல்வதில்லை, பேச்சே இல்லை.

அடுத்த மாதமே என் வகுப்பு வராந்தாவில் அப்படி ஒரு பலகை ஏறியது. நாற்பத்திரண்டு ஆணி, நாற்பத்திரண்டு தகர வில்லை, முன்னால் கம்பிவலைக் கதவு, பூட்டு. பிள்ளைகள் தங்கள் டோக்கனை எடுத்து மேஜைமேல் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். மணி அடித்ததும் பியூன் பலகையைப் பூட்டுவார். தொங்குகிற எண்களுக்கு எதிரே பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதுவேன். தாமதமாக வருகிறவர்களை நான் வெளியே நிறுத்தவில்லை. உள்ளே வந்து பாடம் கேட்கலாம். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நகரியத்துப் பையன்களுக்கு டோக்கன் புதிதில்லை. அப்பாக்கள் தினமும் எடுக்கிறார்கள். ஒருவன் வந்தால் மூன்று டோக்கன் பெட்டியில் விழும் என்பதை இரண்டே வாரத்தில் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் என்னிடம் சொன்னவர் பியூன்தான். மந்தாரக்குப்பத்துப் பக்கத்து ஆள், நாக்கில் கொஞ்சம் காரம் உண்டு.

"சார், பூட்டிட்டேன். ஒரு சேதிங்க. பெட்டியில கீற டோக்கனுக்கு உள்ள ஆள் இல்ல. உள்ள கீற ஆளுக்குப் பெட்டியில டோக்கன் இல்ல."

"உன் வேலை பூட்டுவது."

"அதத்தான் செஞ்சிக்கினு கீறேன்."

பதினேழாம் எண் ஒரு பெண். கடைசி வருஷம். அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபின், அம்மாவின் ஊரான குள்ளஞ்சாவடிப் பக்கம் குடியேறியவர்கள். தினமும் ஒன்பதே காலுக்கோ ஒன்பது இருபதுக்கோ வந்து, வலைக்குள் தொங்கும் தன் டோக்கனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. பதிவேட்டின்படி அநேகமாக ஒருநாளும் வந்ததில்லை.

என் பலகையின் புகழ் பரவி, மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். கல்லூரி முதல்வர் அவரைப் பலகையருகே நிறுத்தி, நான் கண்டுபிடித்ததைத் தான் கண்டுபிடித்ததுபோல் விளக்கினார். அதிகாரிக்கு மகிழ்ச்சி. உள்ளே வந்து, "என்ன பாடம் நடக்கிறது?" என்றார். தொழிற்புரட்சி. "நெசவாளர்கள் இயந்திரங்களை ஏன் உடைத்தார்கள்? யாராவது சொல்லுங்கள்."

முன்வரிசை தரையைப் பார்த்தது. கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

"மிஷின் மேல கோவம் இல்லீங்க சார். அவங்கள ஒரு வார்த்த கேக்காம வேலய வுட்டு எடுத்துட்டாங்க. யாருகிட்டப் போயி கேக்கறதுன்னும் தெரியல. கைக்கு எட்டுனது மிஷின்தான்."

அதிகாரி என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். என் பாடத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்தும் பாராட்டை வாங்கிக்கொண்டேன். "உன் டோக்கன் எண் என்னம்மா?" என்று கேட்டார். "பதினேழுங்க." அவர் வராந்தாவுக்குப் போய்ப் பார்த்தார். வலைக்குள் பதினேழு தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்றைக்கு மட்டும் பஸ் தாமதம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தினமும்தான் தாமதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பலகை அன்றே இறங்கியிருக்கும். வாத்தியாரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கும் அவளுக்கு 'வரவில்லை' என்றே எழுதினேன்.

பிப்ரவரியில் வருகைக் கணக்குப் பார்த்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கும் குறைவு. மற்ற பாடங்களில் பெயர் கூப்பிட்டதால் அவளைத் தவிர எல்லாரும் தப்பினார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் அவளுக்கு மட்டும்தான் வரலாறு முதன்மைப் பாடம், தினமும் முதல் வகுப்பு அதுதான். அவள் ஒருத்திக்குத்தான் ஹால் டிக்கெட் நின்றது. சம்பந்தப்பட்ட ஆசிரியர் சிபாரிசு எழுதினால் முதல்வர் குறைவை மன்னிக்கலாம். அதாவது நான் எழுதினால்.

அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த மனிதர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாரு, நெலம் எங்க அண்ணனுக்கும் எனக்கும் கூட்டுப் பட்டா. நெலம் குடுத்த வூட்டுக்கு சொரங்கத்துல ஒரு வேல தர்றாங்க. இது பட்டம் வாங்கிட்டா இதும் பேரக் குடுக்கறதுன்னு பேசி வெச்சிக்கிறோம். இந்த வருசம் முடிக்கலன்னா அண்ணன் மவன் பேர எழுதிடுவாங்க. அப்புறம் எப்பவும் கெடைக்காது."

"வருகை குறைகிறதே. நான் என்ன செய்ய?"

"இது வராத நாளு உண்டுங்களா?"

"பதிவேட்டில்..."

"பதிவேட்ட வுடுங்க. நீங்க பாக்கலீங்களா?"

நான் பதிவேட்டை மூடி வைத்தேன். அவர் தயங்கி, வேறு ஒன்று சொன்னார்.

"நான் பதினோரு வருசமா காண்ட்ராக்ட்டுங்க. எனக்கு டோக்கன் கெடையாது. பெர்மனென்ட் ஆளுக்குத்தான் டோக்கன். மேஸ்திரி தலைய எண்ணுவாரு, அவ்ளோதான். என் பொண்ணுக்கு இங்க டோக்கன் குடுத்துக்கிறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். எனக்கு மேஸ்திரியே தேவலாம் போலக் கீது. லேட்டா போனா திட்டுவாரு. ஆனா நின்னுக்கினு இருக்கறவன இல்லன்னு எழுத மாட்டாரு."

அவள், "வுடுப்பா" என்றாள்.

அரைத்தாள் காகிதம் போதும். 'இந்த மாணவி தினமும் வகுப்பில் இருந்தார், நான் பார்த்தேன்.' அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. எழுதினால், பலகை சொன்னது பொய் என்று ஆகும். மற்ற துறைகளிலும் பலகை வைக்க அதிகாரி உத்தரவு போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உத்தரவில் என் பெயர் இருந்தது. அந்த உத்தரவுத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அவர்கள் இருவரும் நின்றிருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்கும்.

"ஒருவருக்குச் செய்தால் எல்லாருக்கும் செய்ய வேண்டும்" என்றேன். எல்லாரும் யார் என்று அவர் கேட்கவில்லை. ஹால் டிக்கெட் நின்றிருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

போகும்போது வாசலில் நின்று, "டோக்கன ஒப்படைக்கணுங்களா?" என்று கேட்டார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சுரங்கத்தில் வேலையிலிருந்து நின்றுவிடுகிறவர்கள் ஒப்படைப்பார்கள், அதனால் கேட்டிருக்கிறார்.

"அது எங்கிட்ட இல்லப்பா. பலகையிலதான் கீது" என்றாள் மகள்.

ஏப்ரலில் பரீட்சை நடந்தது. பெட்டியில் டோக்கன் விழுந்தும் முகம் தெரியாத ஒரு பையனைப் பரீட்சை மண்டபத்தில் முதல்முறையாகப் பார்த்தேன். அவனுக்கு வருகை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். அவளுடைய பெரியப்பா மகனின் பெயர் எழுதப்பட்டு அவனுக்கு வேலை கிடைத்தது என்று பியூன் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

பலகைகள் இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து இறங்கிவிட்டன. என் மேஜையில் இருந்த உத்தரவுத் தாளும் மஞ்சளாகிவிட்டது. அதை மட்டும் நான் எடுக்கவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு தைப்பூசத்தன்று வடலூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கூட்டத்தில் அவள்தான் என்னை அடையாளம் கண்டு வந்தாள். மறுவருஷம் தனியாகப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தாளாம். அதற்குள் வேலை போயிருந்தது. வீட்டில் டியூஷன் நடத்துகிறாள்.

"எத்தனை பேர் வருகிறார்கள்?"

"முப்பது பேருக்கு மேலங்க சார். மாடு கட்டிட்டு வரும், களை எடுத்துட்டு வரும். வர்ற நேரத்துக்கு வந்துக்கினு இருக்கும்." சிரித்தாள். "பலக ஒண்ணும் வெக்கலீங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதைப் பல இரவுகள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தவன்தான். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"உங்க ஊர் பஸ் இப்பவாவது நேரத்துக்கு வருதா?"

"காலையில வர்றது அதே நேரந்தாங்க சார்" என்றாள். பஸ் வந்தது. நான் முதலில் ஏற வழிவிட்டு நின்றாள்; அது குள்ளஞ்சாவடி பஸ், நான் அதில் போக வேண்டியவன் இல்லை என்று சொன்னேன். அவள் ஏறிக்கொண்டாள்.