கவுன்சிலர் வீட்டுக்காரர்

என் மனைவி கவுன்சிலர். இதை யாரிடமாவது சொல்லும்போது முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். உள்ளே என்ன எரிகிறது என்பது வெளியே தெரியாது. எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், அடுப்பு எரிந்தால் புகையில் தெரியும், வயிறு எரிந்தால் வாயில் தெரியும் என்று. அதனால் வாயையும் கொஞ்சம் மூடித்தான் வைத்திருக்கிறேன்.

அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்து கொடுப்பேன். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கட்சியில் இருக்கிறேன். கொடி கட்டியிருக்கிறேன், பூத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மழையில் நனைந்த போஸ்டருக்குத் திரும்பப் பசை தடவியிருக்கிறேன். ஒருநாள் கவுன்சிலர் சீட் வரும் என்று காத்திருந்தேன். வரப்போகிற நேரத்தில் எங்கள் வார்டைப் பெண்கள் வார்டு என்று அறிவித்துவிட்டார்கள். இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்தது.

எங்கள் பகுதிச் செயலாளரை எல்லோரும் பகுதி அண்ணன் என்போம். அவர்தான் பட்டறைக்கு வந்து தேற்றினார்.

"இதுல வருத்தப்பட என்ன மாப்ள இருக்கு? பேரு தங்கச்சிது, வேலை ஒன்னோடது. ரப்பர் ஸ்டாம்பை அது கையில குடு. மையை நீ வச்சுக்க."

மனைவி அப்போது வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மைக்குல பேச வராதுங்க" என்றாள். "நீ ஏன் பேசுற? கும்பிடு மட்டும் போடு" என்றேன். போட்டாள். ஜெயித்தாள்.

ஆரம்பத்தில் எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது. நோட்டீசில் போட்டிருந்தது என் நம்பர். காலையில் பல் விளக்கும் முன்னே போன் வரும். குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை, மூன்றாவது சந்தில் நாய் கடிக்கிறது. என்னைத்தான் "கவுன்சிலரே" என்பார்கள். நிஜக் கவுன்சிலரைக் "கவுன்சிலரு வீட்டம்மா" என்பார்கள். அது தப்பு என்று எனக்கும் தெரியும், ஆனால் காதுக்கு இனிப்பாக இருந்தது.

எனக்கென்று ஒரு பேச்சு இருந்தது. யார் என்ன குறை சொன்னாலும் "மேல பேசிட்டேன்" என்பேன். பேசவும் செய்வேன். அதிகாரிக்குப் போன் போடுவேன், அவர் "பாக்குறோம் சார்" என்பார், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கி வீட்டுப்படி வரை வந்தபோதும் அதையேதான் சொன்னேன். அங்கே இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டது:

"மேல பேசுனது இருக்கட்டும்ணே. கீழயில்ல நாறுது?"

தெருவே சிரித்தது. அன்று மத்தியானத்துக்குள் அடைப்பு எடுக்கிற லாரி வந்து நின்றது. நான்தான் காரணம் என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். டிரைவர் என்னைப் பார்த்து, "அக்கா வரலையாண்ணே?" என்றார். விசாரித்தால், என் மனைவி அதிகாரிக்குப் போன் போடவே இல்லை. டிரைவருடைய சம்சாரத்துக்குப் போட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு இவள்தான் ஜாக்கெட் தைப்பாளாம். வீட்டில் இருந்து போன் வந்தால் டிரைவர் வண்டியை எடுக்காமல் எங்கே போவார்?

அன்றைக்குப் பிறகு அவளுக்கென்று இன்னொரு நம்பர் ஊருக்குள் பரவியது. யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் கையில் ஒரு நம்பர் கிடைத்தால் அது பூச்சரம் மாதிரி, ஒரு கொண்டையிலிருந்து இன்னொரு கொண்டைக்குப் போய்விடும். என் போன் மெல்ல மெல்ல அடங்கியது. வருகிற ஒன்றிரண்டும் எப்படி வரும் தெரியுமா? "அண்ணே, அக்கா நம்பரு பிஸியாவே இருக்கு. பக்கத்துல இருந்தாக் குடுங்களேன்."

பொறாமையைப் பற்றிப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அது சோற்றில் கிடக்கிற சின்னக் கல். வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பல்லுக்கு அந்தக் கல் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மாமன்றக் கூட்டம் நடக்கும் நாளில் நான்தான் அவளை வண்டியில் கொண்டுபோய் விடுவேன். உள்ளே விட மாட்டார்கள். மரத்தடியில் என்னைப் போலவே நாலைந்து வீட்டுக்காரர்கள் நிற்பார்கள், வெள்ளைச் சட்டை, பையில் பேனா, முகத்தில் ஒரே மாதிரிச் சிரிப்பு. ஒருநாள் வேறொரு வார்டு ஆள் ஒருவர் என் தோளில் கை போட்டு, "மாப்ள, கோயிலுக்குள்ள சாமி கும்பிடுறது அவுக. வெளிய செருப்புக்குக் காவல் நாம" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எதற்கோ தண்ணீர்க் குடத்தை நங்கென்று வைத்தேன். "குடம் என்ன செஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நல்ல சேதி காதில் விழுந்தது. அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பொது வார்டு ஆகலாம் என்று பேச்சு. பொது என்றால் ஆண்களும் நிற்கலாம். அதாவது நான் நிற்கலாம். சீட்டு யாருக்கு என்பது பகுதி அண்ணன் வாயில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் வருகிற இடத்திலெல்லாம் நான் இருந்தேன். மனைவியிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

போன கோடையில் எங்கள் வார்டில் ஆட்டு வியாபாரம் பார்த்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அவர் கை காட்டும் பக்கம்தான் அந்தத் தெரு ஓட்டுப் போடும். சாவு விசாரிக்கப் போவதை நாங்கள் கேதம் கேட்கிறது என்போம். கவுன்சிலர் வேலையில் பாதி அதுதான். கல்யாணத்துக்கு வராவிட்டால் மறந்துவிடுவார்கள், கேதத்துக்கு வராவிட்டால் மறக்கவே மாட்டார்கள். பகுதி அண்ணனும் வருகிறார் என்று தெரிந்தது. கீழவாசல் பூக்கடையில் சொல்லிவைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கினேன்.

வீட்டு வாசலில் இரும்பு கேட் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. உடலை வைக்கும் ஐஸ் பெட்டி உள்ளே நுழையவில்லை என்று கீலை உடைத்து எடுத்திருக்கிறார்கள். மாலையை நானும் மனைவியும் சேர்ந்து போட்டோம். அதோடு அவள் உள்ளே போய்விட்டாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழும் இடத்தில் ஒரு கை குறைந்தது, அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள். நான் வெளியே பந்தலில் ஆண்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் பகுதி அண்ணன். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

இறந்தவருடைய மைத்துனர் வந்து குனிந்தார். "மாப்ள, சனம் கூடிப் போச்சு. தண்ணி பத்தல. உள்ள கவுன்சிலரு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி…"

"அவ எதுக்கு? நான் சொல்றேன்" என்று அண்ணன் காதில் விழும்படி சொல்லி, தண்ணீர் லாரி ஆளுக்குப் போன் அடித்தேன். போனை ஸ்பீக்கரில் வேறு போட்டேன். புத்தி எங்கே போனதோ.

"அக்கா அப்பவே சொல்லிட்டாகண்ணே" என்று பந்தல் முழுக்கக் கேட்டது. "வண்டி அந்தத் தெரு முக்குல திரும்பிக்கிட்டிருக்கு. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

அழுதுகொண்டே எப்போது போன் போட்டாள்? அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கிளம்ப எழுந்தார். அவர் போவதற்குள் இந்தச் சனம் என்னை எப்படி மதிக்கிறது என்று காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம். நானும் எழுந்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, ஓட்டுக் கேட்கும் காலத்தில் எப்படிச் சொல்வேனோ அதே மாதிரி, நாலு பக்கமும் திரும்பிச் சொன்னேன்:

"வாரேன்யா! வாரேம்மா! வாரேண்ணே, எல்லாருக்கும் வாரேன்!"

பந்தலில் சத்தம் நின்றது. உள்ளே ஒப்பாரியும் நின்றது.

எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். சத்தம் காட்டாமல் எழுந்து போய்விட வேண்டும். நான் எத்தனையோ பேரை அதற்காக அதட்டியிருக்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது ஒரு தடவை கத்தும், நான் நாலு தடவை சொல்லியிருந்தேன்.

இறந்தவருடைய அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. "எலேய் கவுன்சிலரு வீட்டுக்காரா! எதுக்குடா வாரேங்குற? இன்னும் யாரைத் தூக்கணும் ஒனக்கு?"

இளைய மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என்னண்ணே பேச்சு இது? எங்கம்மா உள்ள மயங்கி மயங்கி விழுந்துக்கிட்டிருக்கு. நீங்க வாரேங்குறீங்க!" இரண்டு பேர் அவன் கையைப் பிடித்தார்கள். நான் கும்பிட்ட கையை இறக்கி வேட்டியில் துடைத்தேன்.

மனைவி வெளியே வந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது, கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்தாள்.

"கோவிச்சுக்கிறாதீக அத்தை. கேட்டைக் கழட்டிப் போட்டிருக்கீகள்ல? நாளைக்கு மெசினைத் தூக்கிட்டு வந்து மாட்டித் தாரேன்னு உள்ள எங்கிட்டச் சொல்லிவிட்டாக. அதைத்தான் சொல்ல வந்தாக. கேட்டை முழுங்கிட்டு வாரேனை மட்டும் துப்பிட்டாக. அவுகளுக்கு எப்பவும் வாயி முந்தும், விசயம் பிந்தும்."

நான் அப்படி எதையும் சொல்லி அனுப்பவில்லை. கேட்டைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை.

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தது. "கேட்டுக்கு வாரதுன்னா வா. ஆளுக்கு வராத."

யாரோ ஒருவர் குபுக்கென்று சிரித்தார். கேத வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்க முடியாது, தும்மல் மாதிரி. இளைய மகன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு மறுபடி அழுதான். அவள் எழுந்து உள்ளே போனாள், ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

நான் தப்பித்துவிட்டேன். ஆனால் சந்தோஷமாக இல்லை. கிழிந்து தொங்கியது என் துணி. அதை எல்லோர் முன்னாலும் ஓரம் மடித்துத் தைத்தது அவள். இனி ஊர் அந்தத் தையலைத்தான் பேசும்.

பகுதி அண்ணன் கார் அருகே நின்று கையசைத்தார். போனேன்.

"மாப்ள, சுத்தி வளைக்காமச் சொல்லிடுறேன். வார்டு பொதுவானாலும் சரி, ஆகாட்டியும் சரி, தங்கச்சிதான் நிக்கும்."

"நான் ஒன்னும் கேக்கலையேண்ணே."

"நீ கேட்டுக்கிட்டேதான் இருக்க. ஆறு மாசமா என் நெழல்லதான நிக்கிற? ஒன்னைய நிறுத்துனா வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே இருப்ப. அது சொல்லாமலே வந்து நிக்குது." கதவைச் சாத்தும் முன் தோளைத் தட்டினார். "மனசுல வச்சுக்கிறாத."

வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? "சரிண்ணே" என்றேன். கார் போனது. வண்டியை எடுக்கத் தெருமுனை வரை நடந்தேன். சீட்டு வெயிலில் கொதித்தது. துடைத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றாள், முடியைக் கட்டியிருந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறினாள். இருவரும் சத்தமில்லாமல் கிளம்பினோம்.

ரயில்வே கேட் தாண்டியதும் கேட்டாள். "அண்ணன் கூப்பிட்டாரே, என்னவாம்?"

"வெயிலு ஜாஸ்தியா இருக்காம்."

காதுக்கருகில் குனிந்து சொன்னாள். "இப்ப நீங்க வண்டி எடுக்கப் போனப்ப எனக்கும் போன் போட்டு அந்த வெயிலைத்தான் சொன்னாரு."

கை தானாக பிரேக்கை அழுத்தியது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

"நீ என்ன சொன்ன?"

"நிக்கிறேன்னேன்."

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை எனக்கு மறைக்கவும் இல்லை. எதற்குக் கோபப்படுவது என்று தெரியாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். அதற்குள் அவள் போன் அடித்தது. "சொல்லுத்தா… ஆமா… இல்ல, இங்கிட்டு ஒரு கேதம்…" என்று ஆரம்பித்தாள். மற்றது காற்றில் போனது. யார், என்ன என்று கேட்க வண்டியை மெதுவாக்கினேன்.

"ஏன் உருட்டுறீங்க?" என்று முதுகில் தட்டினாள். "வெரசாப் போங்க. காதுகுத்து வீட்டுல காத்துக்கிட்டிருக்காக. குளிச்சிட்டுத்தான் போகணும்."

"நானும் வரணுமா?"

"வாங்க. அங்க எம்புட்டு வேணும்னாலும் வாரேன்னு சொல்லிக்கங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாக."

சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். அடுத்த போனை எடுத்துவிட்டாள்.