க்ரீம் தடவிய ஒரு மணி நேரம்

தாய்லாந்தின் லாம்பாங் ஊரில் பீங்கான் கிண்ணங்களில் சேவல் படம் வரையும் அனுவத் என்ற இளைஞனுக்குப் பிறந்ததிலிருந்தே ரத்தம் சரியாக ஊறாது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்வான். இருபத்தாறு வயதுக்குள் குத்திக் குத்தி நரம்பெல்லாம் இறுகிவிட்டது. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அந்த வருஷம், ஊசி வலியை எது நன்றாகக் குறைக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு மாதமும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, வருவதைப் பொறுத்து ஐஸ் பை, குளிர் ஸ்ப்ரே, தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீம் என்று ஏதாவது ஒன்றைத் தருவார்கள். முதல் இரண்டும் சட்டென்று முடிந்துவிடும். க்ரீம் என்றால் ஒரு மணி நேரம் வெளி பெஞ்சில் காத்திருக்க வேண்டும்.

அங்கேதான் வாசனா வந்து உட்கார்ந்தாள். அதே நோய்தான். ஆனால் பெண்களுக்கு வேறு அறை என்பதால் அவன் அவளைப் பார்த்ததே இல்லை.

"உனக்கும் க்ரீமா? போச்சு, ஒரு மணி நேரம் உன் மூஞ்சியப் பாக்கணும்."

"அந்தப் பக்கம் திரும்பி உக்காரேன்."

அவள் திரும்பவில்லை. வறுத்த வாழைப்பழப் பொட்டலத்தை நீட்டினாள்.

அடுத்த மாதம் அவனுக்கு ஸ்ப்ரே வந்தது.

"சிரிபோன் அக்கா, எனக்கு க்ரீமே குடுங்களேன்."

"ஆராய்ச்சிடா இது, டீக்கடை இல்ல," என்றாள் நர்ஸ்.

தோல் பனியாய்ச் சுட்டது, ஊசியும் வலித்தது. வெளியே வாசனா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில், க்ரீமில்தான் வலி குறைவு என்று தெரிந்தது. பிடித்ததைக் கேட்டு வாங்கலாம் என்றார்கள். இருவரும் க்ரீமே கேட்டார்கள். மழைக்காலம் முழுக்க அந்த பெஞ்சில் பேச்சும் சிரிப்புமாகப் போனது.

ஒருநாள் அவள் சொன்னாள்: "தம்பியோட எலும்பு மஜ்ஜை எனக்குப் பொருந்துதாம். பாங்காக்ல அத எனக்கு ஏத்தப் போறாங்க."

"சரியாயிட்டா?"

"ரத்தமே வேணாம். இங்க வரவே வேணாம்."

"ரொம்ப நல்லதுப்பா," என்றான். மனதார நல்லதுதான். ஆனாலும் இனி அந்த பெஞ்சில் அவள் இருக்கமாட்டாள். சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள் சிரிபோன் அவனைக் கூப்பிட்டுவிட்டாள்.

சிகிச்சை பலித்தது. சில மாதம் கழித்து அவளே போன் செய்தாள்.

"நான் அங்க வரட்டுமா, வாசனா?"

"இப்ப யாரையும் விடமாட்டாங்க. கிருமி பயம்."

"அப்புறம்?"

கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம் பாக்கலாம்."

சந்திக்கலாம் என்றாளா, யோசிக்கலாம் என்றாளா? அவனுக்குப் பிடிபடவில்லை. திரும்ப போன் செய்து கேட்டுவிடலாம். கேட்டால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும், கேட்காதவரை சந்திக்கலாம் என்றதாகவும் இருக்கலாமே என்று, இன்றுவரை கேட்காமலே இருக்கிறான்.