கழுவாத பை

சுனாமிக்குப் பிறகு சண்டை மறுபடியும் மூண்டிருந்த நாட்களில் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. டாக்டர் சைக்கிள் ஓடச் சொன்னார். பள்ளிக்கூட டீச்சரான நான், நாற்பத்தாறு வயதில் விழுந்தெழும்பிப் பழகி, வவுணதீவுப் பாதையில் காலையில் ஓடத் தொடங்கினேன்.

அதே பாதையில் வரும் மீன் வியாபாரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. மடித்துக் கட்டிய சாரம், மோட்டார் சைக்கிள் கரியரில் மீன்பெட்டி, சிரிக்கத் தெரியாத முகம். நான் தள்ளாடினால் காதுக்குள் ஹோர்ன் அடிப்பார். எனக்கும் அவரைப் பிடிக்காது.

ஒருநாள் சோதனைச்சாவடியில் எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்டான்.

"சும்மா," என்றேன். உண்மையும் அதுதான்.

அவன் என் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, பின்னால் நின்ற எல்லோரையும் மறித்துவிட்டான். முக்கால் மணிநேரம் வெயிலில் நின்றோம். எனக்குப் பின்னால் நின்ற வியாபாரியின் மீன்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

என் சீனி வருத்தம் ஊருக்கே தெரியும். விட்டதும் வியாபாரி கத்தினார். "சும்மா போறதுக்கு இது உங்கட வீட்டு வளவா டீச்சர்? உங்கட சீனிக்கு என்ட மீன் நாறணுமா?"

மறுநாள் சாவடி வருவதற்கு முன்னாலேயே என்னை மறித்து, நாற்றமெடுத்த நைலோன் பையொன்றை ஹேண்டிலில் மாட்டினார்.

"மறுகா கேட்டா, மீன் வாங்கப் போறன் எண்டு சொல்லுங்க. பையைக் கழுவிப்போடாதீங்க. மணந்தாத்தான் நம்புவான்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உங்களுக்காக இல்ல, என்ட மீனுக்காக," என்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போய்விட்டார்.

போர் முடிந்து, சாவடியையும் எடுத்துவிட்டார்கள். அவர் நல்லவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பையை மட்டும் நான் கழுவவில்லை.